கடல் நகராத கரை

பனியுகத்தின் உச்சத்தில் உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்றைய கடலோரங்கள் மூழ்கிவிட்டன என்றால், கனடாவின் கால்வர்ட் தீவில் 13,000 ஆண்டுப் பழைய காலடித் தடங்கள் இன்றைய கடற்கரையிலேயே கிடைத்தது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்துங்கள். விரலடி பள்ளமாகும், சுற்றிலும் மேடு எழும். கால்வர்ட் இருக்கும் கனடாவின் மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் பனியின் பாரம் உள்நிலத்தை அப்படித்தான் அமுக்கியது. வெளித் தீவுகள் பக்கம் மேடிட்டது. பனி உருகியதும் உள்நிலம் நிமிர்ந்தது, மேடு அமிழ்ந்தது. அதனால் பழைய கரை உள்ளே கிட்டிமட் அருகே இன்றைய கடலுக்கு 200 மீட்டர் மேலே இருக்கிறது. வெளியே ஹெகேட் நீரிணையில் சுமார் 150 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. நடுவில் கதவின் கீல் போல ஒரு கோடு. அங்கே கடல் ஏறிய அளவுக்கு நிலமும் ஏறியது. கால்வர்ட் அந்தக் கோட்டில் இருக்கிறது.

இதை உறுதிசெய்த முறை அழகானது. வெவ்வேறு உயரங்களில் உள்ள கரையோரக் குட்டைகளில் குழாயை இறக்கி வண்டலை அப்படியே உருவி எடுப்பார்கள். அடியில் கடலில் வாழும் டயாட்டம் (கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி), மேலே நன்னீர் டயாட்டம் இருந்தால், கடல் அந்தக் குட்டையை விட்டு இறங்கியிருக்கிறது. இரண்டும் மாறும் இடத்தில் உள்ள சுள்ளி, விதைகளைக் கார்பன்-14 முறையில் கணித்தால், கடல் எந்தக் காலத்தில் அந்தக் குட்டையின் விளிம்பு உயரத்தில் நின்றது என்று தெரியும். அளக்க வேண்டியது விளிம்பை; குட்டையின் ஆழத்தை எடுத்தால் கணக்கு தப்பும். சிப்பியை நேரடியாக நம்பவும் கூடாது. கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால் அதன் வயது சில நூறு ஆண்டுகள் கூடுதலாகக் காட்டும்.

13,000 ஆண்டுகளுக்கு முன் கால்வர்ட்டில் கடல் இன்றைவிட 2–3 மீட்டர்தான் தாழ்ந்திருந்தது. எனவே ஆய்வாளர்கள் அலை ஏறி இறங்கும் இடத்திலேயே தோண்டினார்கள். சுமார் 60 செ.மீ. அடியில் வெளிர் களிமண்ணில் 29 தடங்கள். மிதித்த குழிகளில் கருமணல் நிரம்பியதால் உருவம் கலையவில்லை. அளவுகளைப் பார்த்தால் குறைந்தது மூன்று பேர், அவர்களில் ஒரு குழந்தை. ஆய்வு 2018-இல் வெளியானது.

பனியிலும் உறையாத நிலம் ஒன்று தங்கள் கரையில் இருந்ததாக இப்பகுதிப் பழங்குடியினரான ஹெய்ல்ட்சுக் மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். அவர்களுடைய ட்ரிகெட் தீவில் ஏறக்குறைய 14,000 ஆண்டுப் பழைய அடுப்புக்கரி கிடைத்திருக்கிறது. அகழாய்வுக்குப் பணம் ஒதுக்குவோர் குட்டை வண்டலுக்கும் முதியோர் சொல்லைப் பதிவதற்கும் முதலில் ஒதுக்க வேண்டும். எங்கே தோண்டலாம் என்பதை இந்தக் கரையில் காட்டித் தந்தவை அவைதான்.