சளி பிடித்த குழந்தையின் மூச்சை எண்ணிப் பாருங்கள்

ஐப்பசி மழை தொடங்கியதும் என்னைத் தேடி மருந்துப் பைகளும் வரத் தொடங்கிவிடும். பத்து மாதக் குழந்தையைத் தூக்கி வந்த ஒரு தாய், மஞ்சள் பையிலிருந்து ஆறு பாட்டில்களை எடுத்து என் மேசையில் வைத்தார். பாதி தீர்ந்த இருமல் மருந்து இரண்டு, மூத்த பிள்ளைக்குப் போன வருடம் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக், கடையில் கேட்டு வாங்கிய சளி மருந்து, பாராசிட்டமால் இரண்டு. "எதற்கும் கேட்கவில்லை டாக்டர்" என்றார்.

கேட்காதுதான். சளியைக் கொண்டுவருவது வைரஸ். ஆன்டிபயாட்டிக் அதைத் தொடக்கூட முடியாது. மூக்கொழுகல் ஒரு வாரம், பத்து நாளில் தானாக நிற்கும். இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023இல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அந்தச் செய்திக்குப் பிறகும் இந்தப் பைகள் வருவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

பாராசிட்டமால் பாட்டில்களைத் திருப்பிக் காட்டினேன். ஒன்றில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், இன்னொன்றில் 250. எட்டு கிலோ குழந்தைக்கு முதலாவதில் 4 மில்லி என்றால் இரண்டாவதில் 2 மில்லிதான். அவரோ எது கைக்குக் கிடைத்ததோ அதில் 4 மில்லி கொடுத்து வந்திருக்கிறார். காய்ச்சல் இருந்தால் மட்டும், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரே பாட்டில் போதும். மழைக்காலத்தில் டெங்குவும் உலவுவதால் ஐபுபுரூஃபென் என்ற காய்ச்சல் மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து; பால் கொடுப்பதற்குச் சற்று முன் விட்டால் குழந்தை நன்றாகக் குடிக்கும். ஒரு வயது தாண்டியிருந்தால் இருமலுக்குத் தேன் தரலாம், அதற்கு முன் கூடவே கூடாது. கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்க்காதீர்கள், கைக்குழந்தைக்கு வலிப்பு வரலாம். ஆவி பிடிக்க வைத்த கொதிநீர் கவிழ்ந்து தொடை வெந்த குழந்தைகளுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சட்டையைத் தூக்கி, தூங்கும் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். 42. உடன் வந்திருந்த பாட்டியையும் எண்ணச் சொன்னேன். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படியே.

மூன்றாம் நாள் இரவுப் பணியில் இருந்தேன். இரண்டரை மணிக்கு அந்தப் பாட்டி குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் கிழித்த நாட்காட்டித் தாள். அதன் பின்புறம் பென்சிலில் எழுதியிருந்தது: 11 மணி, 44. 2 மணி, 52. அதற்குக் கீழே, "மறுபடி எண்ணினேன், 54."

உடனே ஆக்சிஜன் வைத்தோம். சேர்த்த நான்காம் நாள் குழந்தை வீடு திரும்பியது.