நிறுத்திய காருக்குள் கேட்கும் ‘டிக் டிக்’

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய பலருக்கு இந்த அனுபவம் முதல் வாரத்திலேயே நேர்ந்துவிடுகிறது. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஓட்டத்தில் கேட்காத ஒலிகள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கும். காலடியில் எங்கோ ஒரு ‘டிக்’, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சீறல், சற்று நேரம் கழித்து ஏதோ ஒரு மோட்டாரின் முனகல். புதிய காரும் இவற்றில் பெரும்பாலானவற்றை எழுப்பத்தான் செய்கிறது. விற்றவர் எதையாவது மறைத்திருப்பாரோ என்ற ஐயமும் சேர்ந்துகொள்வதால், பழைய காரின் ஒலிகள் மட்டும் பெரிதாகக் கேட்கின்றன.

ஒலி எங்கிருந்து வருகிறது என்று தேடுவதே எல்லோரும் முதலில் செய்வது. காருக்குள் அமர்ந்து அதைச் செய்வது வீண் வேலை. ஒலி ஒரு காதை எட்டியபின் மறு காதை எட்ட ஆகும் மிகச் சிறிய தாமதத்தையும், இரு காதுகளிலும் அதன் உரப்பில் தெரியும் வேறுபாட்டையும் கொண்டுதான் மூளை திசையைக் கணிக்கிறது என்று இயற்பியலாளர் ராலே 1907இல் விளக்கினார். அந்தத் தாமதம், ஒலி முழுக்கப் பக்கவாட்டிலிருந்து வந்தாலும், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணாடியும் தகரமும் சூழ்ந்த குறுகிய அறையில் எதிரொலிகள் உடனுக்குடன் வந்து கலந்துவிடுவதால் இந்தக் கணக்கு குழம்பிப்போகிறது. போதாததற்கு, இரும்புச் சட்டத்தில் ஒலி காற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் பரவுகிறது. பின் சக்கரத்தருகே பிறந்த ஒலி, முன்னிருக்கையின் அடியில் பிறந்ததுபோல் கேட்பது இதனால்தான்.

ஆகவே ‘எங்கே’ என்பதை ஒத்திவைத்து, ‘எப்போது’ என்று கேட்பதே நல்லது. இன்ஜின் நின்றபின் ஒலி எழுப்பத் தேவையான ஆற்றல் காரில் சில இடங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கும்: சூடேறிய உலோகத்தில், அழுத்தத்தில் அடைபட்ட திரவத்திலும் வாயுவிலும், பேட்டரியில். ஒவ்வொன்றும் தனக்கே உரிய கால ஒழுங்கில்தான் தீர்கிறது. கையில் ஒரு கடிகாரமும் ஒரு துண்டுத் தாளும் இருந்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

வெப்பத்தின் ஒலியைத்தான் நாம் அதிகம் கேட்கிறோம். இரும்பு ஒரு டிகிரி குளிரும்போது தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு சுருங்கும். சைலன்சர் குழாயின் முன்பகுதி 400 டிகிரி செல்சியஸிலிருந்து 35 டிகிரிக்கு இறங்குவதாகக் கொண்டால், ஒரு மீட்டர் நீளத்துக்கு நான்கு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமான சுருக்கம் வருகிறது. குழாயை மூடியிருக்கும் மெல்லிய வெப்பத் தடுப்புத் தகடு வேறு வேகத்தில் குளிர்வதால், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. உராய்வு சிறிது நேரம் பிடித்து நிறுத்துகிறது. இழுவிசை மிஞ்சியதும் தகடு சட்டென்று நழுவுகிறது. அந்த நழுவல்தான் ‘டிக்’. வயலின் வில் தந்தியைப் பற்றுவதும் விடுவதுமாக இசை எழுப்புவதும் இதே உராய்வின் வேலைதான்.

இதன் தாளத்தைக் கவனித்தால் ஒரு சான்று கிடைக்கும். பொருள் குளிரும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்று நியூட்டன் 1701இல் எழுதினார். மிகுந்த சூட்டில் இந்த விதி முற்றிலும் பொருந்தாது என்றாலும் நம் தேவைக்குப் போதுமானது. தொடக்கத்தில் குளிர்ச்சி வேகமாக நடப்பதால் டிக்குகள் நெருக்கமாக விழுகின்றன. பிறகு இடைவெளி விரிந்துகொண்டே போய், அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அப்படி விரியும் தாளம் கேட்டால் அச்சப்பட வேண்டியதில்லை. பழைய காரில் தகட்டின் போல்ட் துளைகள் துருவில் அகன்றிருந்தால் ஒலி உரக்கக் கேட்கும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போதும் தகரம் அதிரும். குளிர்ந்தபின் ஒரு பெரிய ஹோஸ் கிளிப்பால் இறுக்கினால் தீர்ந்துவிடும்.

அழுத்தத்தின் ஒலிகள் குறுகிய ஆயுள் கொண்டவை. ஏ.சி. ஓடும்போது குளிர்பதன வாயுவின் ஒரு பக்கம் உயர் அழுத்தத்திலும் மறுபக்கம் குறைந்த அழுத்தத்திலும் இருக்கும். கம்ப்ரசர் நின்றதும் இரண்டும் குறுகிய வால்வு வழியாகச் சமமாகின்றன. டேஷ்போர்டுக்குப் பின்னால் கேட்கும் சீறல் அதுதான், குறையொன்றும் இல்லை. கொதிக்கும் ஒலி அப்படியல்ல. இன்ஜின் நின்றால், அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைச் சுழற்றும் பம்பும் நின்றுவிடுவதால், உலோகத்தில் தேங்கிய சூடு அசையாத திரவத்தில் இறங்கி, அதன் வெப்பநிலை சில நிமிடங்களுக்கு ஏறுகிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைச் சரியாகத் தாங்கினால் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. ஆகையால் ‘தளதள’ என்று கொதிக்கும் ஒலி கேட்டால் மூடி தளர்ந்திருக்கலாம், கூலன்ட் குறைந்திருக்கலாம், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கலாம். சூட்டோடு அந்த மூடியைத் திறந்து பார்ப்பது மட்டும் கூடாது. வெந்த கையோடு மருத்துவமனைக்குப் போக நேரிடும்.

வெயிலில் நிற்கும் கார் நண்பகலில் முனகுவது பிளாஸ்டிக்கின் வேலை. டேஷ்போர்டு பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரிவதால், கிளிப்புகளில் உராய்ந்து கீச்சிடுகிறது. முன்பு எப்போதோ டேஷ்போர்டைக் கழற்றி மாட்டிய காரில் உடைந்த கிளிப்புகள் இருக்கும். அங்கே இந்த ஒலி கூடும்.

கார் முழுதும் ஆறியபின், நிழலில், நள்ளிரவிலும் ஒலி கேட்டால் மிச்சமிருப்பவை பேட்டரியும் எலியும்தான். எலியின் ஒலிக்கு ஒழுங்கு கிடையாது. பானட்டை ஒருமுறை தட்டினால் நின்றுவிடும். மின்சாரத்தின் ஒலி சீரானது, தட்டலுக்கு அடங்காதது. பூட்டிச் சென்றபின் டேஷ்போர்டுக்குள் சில நொடிகள் ஒரே சீராக ‘டக் டக்’ என்றால், ஏ.சி. காற்றின் வழியை மாற்றும் சிறு மோட்டாரின் பல் தேய்ந்திருக்கக்கூடும். சில டொயோட்டா கார்களில், நிறுத்தி ஐந்து மணி நேரம் கழித்து ஒரு பம்ப் தானாக ஓடி, எரிபொருள் ஆவி கசிகிறதா என்று சோதிக்கிறது. காரணம் தெரியாதவருக்கு அது பேய் வேலையாகத் தோன்றினால் வியப்பில்லை.

விடாது தட்டும் ரிலே, அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச், வேறு வகை; ஏதோ ஒன்று பேட்டரியை இழுத்துக்கொண்டிருக்கலாம் என்பதன் அறிகுறி அது. உறங்கும் காரின் மின்னிழுப்பு பொதுவாக 50 மில்லிஆம்பியருக்குள் அடங்க வேண்டும். அந்த அளவில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும். இழுப்பு அரை ஆம்பியராக இருந்தால் மூன்றே நாளில் தீர்ந்துவிடும். சோதிப்பதற்கு முன் காரின் மின்னணுப் பெட்டிகள் உறங்க அரை மணி நேரமாவது விட வேண்டும். பிறகு ஃபியூஸ்களைப் பிடுங்காமல், ஒவ்வொன்றின் தலையிலும் தெரியும் இரு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மின் அளவுக் கருவியான மல்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்துப் பார்க்கலாம். ஃபியூஸுக்கும் சிறிது மின்தடை உண்டு என்பதால், மின்சாரம் ஓடும் ஃபியூஸில் மட்டுமே எண் தோன்றும். பிடுங்கி மாட்டினால் உறங்கிய பெட்டிகள் விழித்துக் கணக்கைக் கெடுத்துவிடும்.

எல்லா ஃபியூஸிலும் சுழியம் காட்டியும் ரிலே தட்டிக்கொண்டே இருந்தால், அதற்கு மின்சாரம் ஃபியூஸ் பெட்டியைத் தொடாமலே போகிறது என்று பொருள். முந்தைய உரிமையாளர் மாட்டிய அலாரம், ஜி.பி.எஸ். கருவி, ஆம்ப்ளிஃபயர் போன்றவை பெரும்பாலும் பேட்டரி முனையிலிருந்தே நேராக இணைப்பு எடுத்திருக்கும். தொழிற்சாலை வயர்கள் கட்டாகச் சேர்ந்து, பெரும்பாலும் வரிவரியான உறைக்குள் ஓடும். பின்னால் சேர்த்தவை கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றித் தனியே தொங்கும். பேட்டரியின் சிவப்பு முனையிலிருந்து அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால், பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்கு அடியில், கேபிள் டை போட்டுக் கட்டிய ஒரு சின்னப் பெட்டியில் போய் முடியும்.