தம்பி பார்த்துக்கொண்ட தோப்பு 12 ஆண்டில் தம்பிக்கே சொந்தமாகுமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இது அடிக்கடி நடப்பதுதான். அப்பா உயில் எழுதாமல் இறந்திருப்பார். கல்யாணமாகிப் பொள்ளாச்சிக்குப் போன அக்கா, தன் பங்கையும் சேர்த்துத் தென்னந்தோப்பைத் தம்பியிடம் விட்டிருப்பார். தேங்காய்ப் பணத்தில் ஒரு பகுதி தீபாவளிக்கு வரும். ஒரு வருடம் அது நின்றுபோகும். கேட்டால், "12 வருஷமா நான்தானே கரம் (நிலவரி) கட்டுறேன், இனி இது என்னுது" என்று பதில் வரும்.

தம்பி சொல்லும் 12 என்ற எண் உண்மையானது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி, ஒருவர் நிலத்தை உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால், அதை மீட்க வழக்குப் போடும் காலம் தீர்வதோடு உரிமையாளரின் பாத்தியமும் அற்றுப்போகிறது. இதைத்தான் எதிரிடை அனுபவம் என்கிறார்கள். அரசு நிலமென்றால் 30 ஆண்டுகள்.

ஆனால் அக்காவின் சம்மதத்தோடு பார்த்துக்கொண்ட காலம் எதிரிடை ஆகாது. அது 12 ஆண்டானாலும் 40 ஆண்டானாலும் கணக்கில் வராது. உயில் இல்லாததால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனும் மகளும் சம பங்காளிகள். ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிகளுக்காகவும் என்றே கருதப்படும் என்றும், மற்றவரின் உரிமையை அவர் அறியும்படி வெளிப்படையாக மறுத்தால்தான் அது எதிரிடை ஆகும் என்றும், ஆந்திரத்திலிருந்து வந்த லட்சுமி ரெட்டி வழக்கில் உச்சநீதிமன்றம் 1956-லேயே சொல்லிவிட்டது. தம்பி தனியாகக் கரம் கட்டியதும் காய் வெட்டியதும் மட்டும் அத்தகைய மறுப்பாகாது.

வில்லேஜ் ஆபீசில் தம்பி தன் பெயருக்குப் போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்து தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு எண்) வாங்கியிருந்தாலும் பாத்தியம் மாறிவிடாது. அது கரம் வசூலிப்பதற்கான பதிவுதான். ஆனாலும் அக்காவுக்குத் தெரிந்தே அது நடந்திருந்தால், மறுப்புக்குச் சாட்சியாகத் தம்பி அதைக் காட்டக்கூடும்.

"நம்பித்தானே விட்டேன்" என்பதைச் சட்டம் பொறுப்புரிமை, அதாவது டிரஸ்ட், என்று எடுத்துக்கொள்வதில்லை. குறிப்பிட்ட நோக்கத்துக்கான டிரஸ்டின் பொறுப்பாளரிடமிருந்து சொத்தை மீட்கக் காலவரையறை இல்லை என்பது உண்மைதான். ஆனால் நிலத்தை டிரஸ்டாக்கப் பதிவு செய்த ஆவணமோ உயிலோ வேண்டும். வாய்ச்சொல் இங்கே உதவாது.

ஆகவே தோப்பு எத்தனை வருடமாகத் தம்பி கையில் இருக்கிறது என்பதைவிட, "உனக்குப் பங்கில்லை" என்று அவர் எந்த நாளில் முகத்துக்கு நேரே, அல்லது கடிதத்தில், சொன்னார் என்பதுதான் முக்கியம். 2015-இல் அப்படிச் சொல்லியிருந்தால் அந்த நாளிலிருந்து 12 ஆண்டு ஓடத் தொடங்கிவிட்டது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதாலோ, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசியதாலோ அந்த ஓட்டம் நிற்காது, காலத்துக்குள் பாகப்பிரிவினை வழக்கைக் கோர்ட்டில் தாக்கல் செய்தால்தான் நிற்கும்.

அப்பாவின் ஆதாரம் (நிலப் பத்திரம்), வில்லங்கச் சான்று, பழைய கரம் ரசீதுகள், தம்பி பணம் அனுப்பிய பாங்க் பாஸ்புக் பக்கம் ஆகியவற்றை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்குப்பணம் என்று நிறுவ முடிந்தால், அந்தப் பாஸ்புக் பதிவு ஒன்றே சம்மதத்துக்குச் சாட்சி. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத பெண்கள் தாலுகா சட்டப்பணிக் குழுவில் விண்ணப்பிக்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்கள் இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது.