டேங்கர் பக்கத்தில் நின்றால் அது கட்டுப்பட்ட தீ ஆகிவிடாது

கனகபுரா சாலை, ஆனேக்கல், தளி பக்கம் வார இறுதித் தோட்டம் வைத்திருக்கும் பெங்களூர்த் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். மார்ச் பிறந்தால் இது தவறாமல் நடக்கிறது. இடுப்புயரம் காய்ந்த புல்லுக்கு உச்சிவெயிலில் தீ வைப்பார்கள். காற்று திரும்பும், தீ காட்டோரத்துக்கு ஓடும். கேட்டால், "கன்ட்ரோல்டு பர்னிங்தான் சார் பண்ணோம், தண்ணி டேங்கர் பக்கத்துலயே நின்னுச்சே" என்பார்கள்.

தண்ணீரால் வருவதில்லை அந்தக் கட்டுப்பாடு. எந்த மாதம், எந்த நேரம், காற்று எப்படி, தரையில் எரிவதற்கு எவ்வளவு கிடக்கிறது என்பதையெல்லாம் தீக்குச்சி உரசும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். உரசிய பிறகு உங்கள் கையில் அதிகம் இல்லை. புல்லும் சருகும் ஒரு மணி நேர வெயிலிலேயே ஈரத்தை விட்டுவிடும். காலை எட்டு மணிக்கு ஊர்ந்த தீ அதே இடத்தில் பதினொரு மணிக்குத் தாவும். காற்று பலமாக இருந்தால் புல் தீ ஆள் ஓடும் வேகத்தையும் மிஞ்சும். டேங்கரின் குழாய் எட்டும் தூரம் கொஞ்சம்தான், பாறைச் சரிவில் வண்டியும் ஏறாது. ஜனவரியில் அடிப்புல்லில் பனி ஈரம் இருக்கும்போது முழங்கால் உயரத்துக்கும் கீழே, திட்டுத் திட்டாக எரிந்து, பொழுது சாய்ந்ததும் தானே அடங்கும் தீ ஒன்று உண்டு. மார்ச் மதியத் தீ அதற்கு உறவே இல்லை.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் பழங்குடிகளான சோலிகர்களுக்கு இது பழைய பாடம். "தரகு பெங்கி" என்று அவர்கள் சொல்லும் சருகுத் தீ, கோடை முற்றும் முன்பே வைக்கப்படுவது. 1974இல் அந்த மலை சரணாலயமானது, சருகுத் தீயும் தடைப்பட்டது. அதன்பிறகுதான் லான்டானா எனும் உண்ணிச்செடி காடெங்கும் ஏறியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்கிறார்கள் சோலிகர்கள். பந்திப்பூரில் 2019 பிப்ரவரியில் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. மூட்டியது மனிதக் கை. அதை அவ்வளவு தூரம் கொண்டுபோனதில் காய்ந்த உண்ணிப் புதருக்குப் பெரும் பங்கு உண்டு.

உண்ணி மண்டிய இடத்தில் நேராகத் தீ வைக்கவே கூடாது. தரையோடு போக வேண்டிய தீயை அது ஏணிபோல மரத்தலைக்கு ஏற்றிவிடும். முதலில் புதரை எடுக்க வேண்டும். தண்டை மட்டும் வெட்டினால் மறுமழையில் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். காய் பிடிக்கும் முன்பே இதை முடிக்க வேண்டும். பறவைகள் அமரும் மரங்களின் அடியில் முளைக்கும் கன்றுகளை அடுத்தடுத்த மழைகளிலும் பிடுங்கியாக வேண்டும். இந்தத் தொடர்வேலைக்கு மட்டும் யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

அடர்ந்த மரங்களைக் கலைப்பதிலும், அதாவது சிலவற்றை வெட்டி இடைவெளி விடுவதிலும், தொடர்வேலையை விட்டுவிடும் இதே தவறு. அமெரிக்க வனத்துறை 1935இல், எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்க வேண்டும் என்று விதி வைத்தது. லேசான தீயில் சாக வேண்டிய சின்னப் பைன் மரங்கள் நெருக்கியடித்து வளர்ந்தன. இப்போது அவற்றை வெட்டி, பட்டை தடித்த பெரிய மரங்களை விட்டுவைக்கிறார்கள். வெட்டிய கிளைகளை அங்கேயே போட்டுவிட்டுப் போனால், மேலே இருந்த விறகைத் தரைக்கு இறக்கியதுதான் மிச்சம். கலைத்த பிறகு அந்தக் கழிவை எரித்தோ அகற்றியோ முடித்தால்தான் பலன். 2 மீட்டருக்கு ஒன்றாக, ஹெக்டேருக்கு 2,500 கன்று நட்ட நம் தேக்குத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் காய்ந்து சாய்ந்த மரத்தை எடுப்பதைக்கூட உச்ச நீதிமன்றம் 2000இல் தடுத்துவிட்டது, ஆகவே அமெரிக்க முறையை அப்படியே அங்கே கொண்டுவர முடியாது. உயர்ந்த மலைகளில் உள்ள பசுமைமாறாச் சோலைக்காட்டுக்கோ தீயே ஆகாது.

வனத்துறை தீக்கோடு, அதாவது தீ தாண்டாமல் இருக்க முன்கூட்டியே எரித்து வெறுமையாக்கும் பட்டை, எரிக்கும்போது புல்லை முன்கூட்டியே அறுத்துக் காயப்போடும். பச்சைக் கிளையோடு ஆட்கள் இருபுறமும் நிற்பார்கள். காற்றுக்கு எதிராக, சரிவின் மேலிருந்து கீழாக எரிப்பார்கள். மறுநாளும் ஆள் போய் அடிக்கட்டைகளில் கனல் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மறுநாள் வேலையைத் தட்டிக்கழித்தால் தீ தப்பிவிடலாம்.

இதெல்லாம் உங்களுக்கான வேலை இல்லை. ஒதுக்குக்காட்டிலும் (ரிசர்வ் ஃபாரஸ்ட்) சரணாலயத்திலும் தீ வைப்பது குற்றம். சொந்த நிலத்திலும் எரிக்காதீர்கள். நவம்பரில் பச்சை மாறும் முன்பே புல்லை அறுத்து, வாரி, குழியில் மட்கவிடுங்கள். காட்டை ஒட்டிய வேலி நெடுக 6 மீட்டர் அகலத்துக்கு மண் தெரியச் சுத்தம் செய்யுங்கள். அதை மார்ச்சுக்குத் தள்ளிப்போடாதீர்கள். தீயைப் பார்த்தால் உடனே 112. வரும் தீக்கு எதிரே இன்னொரு தீ மூட்டும் எதிர்த்தீ வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், அதற்குப் பழகிய ஆட்களே தடுமாறுவார்கள்.

இன்னும் ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன். ஜனவரியில் காட்டோரம் புகை தெரிந்தால் வீடியோ எடுத்துக் "காடு எரிகிறது" என்று அபார்ட்மென்ட் குழுவில் போடும் முன், அந்தப் பகுதிக்கான வனக்காவலரான பீட் காவலரைக் கூப்பிட்டு அது தீக்கோடா என்று கேளுங்கள். அவர் எண்ணை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.