டெம்ப்ளேட் என்றால் வார்ப்புரு

டெம்ப்ளேட்டுக்குத் தமிழ் என்ன, புதிய எக்செலில் செய்த டெம்ப்ளேட்டைப் பழைய எக்செலிலும் திறக்கும்படி சேமிப்பது எப்படி என்று பார்ப்போம். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மாதிரிக் கோப்புதான் டெம்ப்ளேட். அதைத் தமிழில் வார்ப்புரு என்கிறோம். வார்த்தல் என்றால் அச்சில் ஊற்றுதல், உரு என்றால் வடிவம். மாதிரிப் படிவம் என்றும் சிலர் எழுதுவார்கள். படிவம் என்றதும் பிரதேச செயலகத்தில் நிரப்பிக் கொடுக்கும் தாள்தான் நமக்கு ஞாபகம் வரும். நிரப்பியதோடு அதன் வேலை முடிந்தது. வார்ப்புரு அப்படித் தீர்ந்துபோவதில்லை. அதனால் என் ஓட்டு வார்ப்புருவுக்கே.

ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் டெம்ப்ளெட். தறியில் நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காமல் விரித்துப் பிடிக்கும் கருவிக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கிய பெயரிலிருந்து அது வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள். மருதமுனைத் தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தட்டு என்று பொருள்படும் பிளேட்டின் சாயல் பின்னால் ஒட்டிக்கொண்டது.

சரி, எக்செல் என்ற விரிதாள் மென்பொருளுக்கு வருவோம். மட்டக்களப்பு நகரில் ஓர் ஆசிரியர் தவணைப் பரீட்சைப் புள்ளித்தாளைப் புதிய எக்செலில் வார்ப்புருவாகச் செய்கிறார் என்று வையுங்கள். அது எக்ஸ்எல்டிஎக்ஸ் (.xltx) என்ற வகைக் கோப்பாகச் சேமிக்கப்படும். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் பழைய கணினியில் எக்செல் 2003தான் இருக்கிறது என்றால் அது நேரடியாகத் திறக்காது; அந்த வடிவம் 2007இல்தான் வந்தது. ஆகவே, சேமிக்கும்போது கோப்பு வகையில் 'எக்செல் 97-2003 டெம்ப்ளேட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது கோப்பு எக்ஸ்எல்டி (.xlt) ஆகும். அதே பட்டியலில் 'ஒர்க்புக்' என்பதைத் தொட்டுவிட்டால் கிடைப்பது சாதாரணக் கோப்பு. 10ஆம் வகுப்புக்கு நிரப்பிச் சேமித்தால் வெற்றுத்தாள் போய்விடும். வார்ப்புருவை இரட்டைச் சொடுக்கினால் புதிய பிரதி ஒன்றுதான் திறக்கும், மூலம் கெடாது.

இன்னொன்று: வகையை டெம்ப்ளேட் என்று மாற்றியதும் எக்செல் தன் வார்ப்புருக் கோப்புறைக்குத் தானாகவே தாவிவிடும். பென்டிரைவில் வேண்டுமென்றால், வகையை மாற்றிய பிறகு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வடிவம் மாறினால் மட்டும் போதாது. பழைய தாளில் 65,536 நிரைகள், 256 நிரல்கள்தான். ஒரு வகுப்புக்கு அது தாராளம். வில்லங்கம் சூத்திரங்களில். இஃப்எரர் (IFERROR), சம்இஃப்ஸ் (SUMIFS), கவுண்ட்இஃப்ஸ் (COUNTIFS) என்ற சூத்திரங்கள் மூன்றும் 2007இல் வந்தவை. எக்செல் 2003இல் திறந்தால் முதலில், ஏற்கெனவே கணக்கிட்டுச் சேமித்த விடை தெரியும். மீண்டும் கணக்கிட்டதும் அந்தக் கட்டத்தில் பிழைதான் நிற்கும். இஃப்எரருக்குப் பதிலாக இஃப் (IF), இஸ்எரர் (ISERROR) இரண்டையும் சேர்த்து எழுதலாம். சேமிக்கும்போது பழைய பதிப்பில் எவை வேலை செய்யாது என்று எக்செல் காட்டும் ஒத்திசைவு எச்சரிக்கையை வாசிக்காமல் மூடிவிடாதீர்கள்.

அப்புறம் எழுத்துரு. பாடப்பெயர்களைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தால் அந்தப் பழைய கணினியிலும் பாமினி வேண்டும். இல்லையென்றால் 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று கிடக்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோட்டில் அடித்திருந்தால் விண்டோஸ் எக்ஸ்பியில் லதா எழுத்துரு உதவும். எழுத்துகள் பிரிந்து தெரிந்தால், அந்தக் கணினியின் மொழி அமைப்புகளில் இந்திய மொழி வரிவடிவ ஆதரவை நிறுவ வேண்டும்.