ரெக்கவரி பார்ட்டிஷன்: மீள்வதா, மீட்பதா?

விண்டோஸ் நிறுவியைப் பென்டிரைவிலிருந்து கிளப்பி, உரிம ஒப்பந்தத்தைப் படிக்காமலே ஒப்புக்கொண்டு, இரண்டு மூன்று முறை ‘நெக்ஸ்ட்’ அழுத்தியதும் ஒரு பட்டியல் வந்து நிற்கும். பார்ட்டிஷன் 1, 100 எம்பி, சிஸ்டம். பார்ட்டிஷன் 2, 16 எம்பி, எம்எஸ்ஆர். பார்ட்டிஷன் 3, 459 ஜிபி, பிரைமரி. பார்ட்டிஷன் 4, 990 எம்பி, ரெக்கவரி. பார்ட்டிஷன் 5, 16 ஜிபி, மறுபடியும் ரெக்கவரி. கீழே டெலீட், ஃபார்மட், நியூ என்று பொத்தான்கள். எதைத் தொடலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு வரி விளக்கம்கூட இருக்காது.

என் முதல் மடிக்கணினியில் இதே மாதிரி ஒரு பட்டியலைப் பார்த்தபோது, ஒரே வட்டுக்கு எதற்கு இத்தனை துண்டு என்றுதான் தோன்றியது. ஒவ்வொன்றாக டெலீட் அழுத்தி எல்லாவற்றையும் ஒன்றாக்கினேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. சில மாதம் கழித்து, வாங்கிய நாளில் இருந்த நிலைக்கே கொண்டுபோய்விடலாம் என்று கையேட்டில் சொன்ன விசையை அழுத்திக்கொண்டே இயக்கினேன். கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. எதை அழித்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தவறு என்னுடையதே. ஆனாலும் ‘ரெக்கவரி’, ‘பார்ட்டிஷன்’ என்ற இரண்டு சொல்லும் அன்று என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அவற்றைப் பேச வைக்க முடியுமா என்று பார்ப்போம்.

பார்ட்டிஷன்

இலத்தீனில் ‘பார்ஸ்’ என்றால் பாகம். அதிலிருந்து பகுத்தல் என்ற பொருளில் ஒரு வினை, அந்த வினையிலிருந்து ‘பார்ட்டீஷியோ’ என்ற பெயர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பார்ட்டிஷன் ஆயிற்று. பார்ட், பார்ட்டி, பார்ட்னர் எல்லாம் ஒரே குடும்பம்தான். பாகம் பிரித்தவரும் பார்ட்னர், பாகம் சேர்ந்தவரும் பார்ட்னர்!

கணினி வருவதற்கு முன்பே தமிழில் இந்தச் சொல் புழங்கியது. சொத்தைப் பிரித்தால் பாகப்பிரிவினை. 1947இல் நாடு பிரிந்தது பிரிவினை. ஒரு பெரிய அறையைப் பலகை வைத்து இரண்டாக்கினால் அது தடுப்பு. அதையும் வாய் நிறைய பார்ட்டிஷன் என்றே சொன்னோம். ஆங்கிலத்தில் ஒரே சொல் பிரிக்கும் செயலையும், பிரிக்கும் சுவரையும், பிரிந்து கிடைத்த துண்டையும் குறிக்கும். தமிழ் அப்படி விடாது. பிரிவினை என்றால் செயல், தடுப்பு என்றால் சுவர். வட்டில் நமக்கு வேண்டியது மூன்றாவது, அதாவது கிடைத்த துண்டு. ஆகவே ‘வட்டுப் பிரிவினை’ என்று எழுதுவது எனக்கு ஒட்டவில்லை. பிரிவினையில் உறவு முறியும் தொனி வேறு. வட்டின் துண்டுகளோ ஒன்றை ஒன்று நம்பியவை. கணினி விழிக்கும்போது முதலில் அந்த 100 எம்பி துண்டுக்குத்தான் போகிறது. அங்கே வழி கேட்டுக்கொண்டுதான் விண்டோஸ் இருக்கும் துண்டுக்கு வருகிறது.

‘பகுதி’ என்பது பரவாயில்லை. பொருள் சரி. ஆனால் அது எங்கும் ஒட்டும் சொல்: ஊரின் பகுதி, கட்டுரையின் பகுதி, இலக்கணத்தில் பகுபதத்தின் முதல் உறுப்பும் பகுதி. ‘இந்தப் பகுதியை அழித்துவிடாதீர்கள்’ என்றால் எந்தப் பகுதி என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.

‘பகு’ என்ற அதே வேரிலிருந்து இன்னொரு சொல் நம்மிடம் இருக்கிறது: பாத்தி. பாதி, பால், பாத்தி எல்லாம் பகுவின் பிள்ளைகள். கீரைப் பாத்தி, உப்புப் பாத்தி என்று தினமும் சொல்கிறோம். ஒரே நிலம், நடுவே வரப்பு, ஒவ்வொரு பாத்திக்கும் அதன் பயிர், அதன் தண்ணீர். ஒன்றைக் கொத்திக் கிளறி மறுபடி விதைத்தாலும் பக்கத்துப் பாத்தி அசையாது. வட்டில் நடப்பது அச்சாக இதுதான். ‘வட்டுப் பாத்தி’ என்று முதல் முறை சொன்னபோது நண்பர்கள் சிரித்தார்கள். இரண்டாம் முறை விளக்கமே தேவைப்படவில்லை.

இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால் மற்றவையும் தாமாக வந்து உட்காரும். நிறுவி ‘அன்அலோகேட்டட்’ என்று காட்டும் இடத்தை ‘ஒதுக்கப்படாத வெளி’ என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை; தரிசு. சி டிரைவ் நிரம்பிவிட்டது, வட்டின் கடைசியில் 50 ஜிபி தரிசு கிடக்கிறது, ஆனாலும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘எக்ஸ்டெண்ட்’ மங்கிக் கிடக்கிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. காரணம், சி-க்கும் அந்தத் தரிசுக்கும் நடுவே ரெக்கவரி பாத்தி படுத்திருக்கும். சி-யின் வலப்பக்கம் ஒட்டியே தரிசு இருந்தால்தான் அந்தக் கருவி வரப்பைத் தள்ளிப் போடும். பலர் ரெக்கவரியை அழிப்பது இந்த எரிச்சலில்தான்.

வரப்பு என்றதும் வட்டில் ஏதோ கோடு கிழித்திருப்பதாக நினைக்க வேண்டாம். அது வெறும் கணக்கேடு. 1983இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்த எம்பிஆர் முறையில், வட்டின் முதல் 512 பைட்டுக்குள் 64 பைட் இதற்கென்று இருந்தது. ஒரு பாத்திக்கு 16 பைட்; ஆக நான்கே பாத்தி. கணினியைத் தயாரித்தவர்களே நான்கையும் நிரப்பி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. ஐந்தாவதாக ஒரு டி டிரைவ் போட முயன்றால், வட்டையே ‘டைனமிக்’ வகைக்கு மாற்றட்டுமா என்று விண்டோஸ் அப்பாவியாகக் கேட்கும். சரி என்று அழுத்தியவர்கள் பிறகு பட்டது தனிக் கதை. இப்போதைய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பாத்திக்கு இடம் உண்டு. கணக்கேட்டின் நகல் ஒன்று வட்டின் கடைசியிலும் இருக்கும்.

கணக்கேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் பாத்தி போனதாகக் கணக்கு. பழைய சுழலும் வன்வட்டில் உள்ளே இருந்த பயிர் அந்த நொடியே கருகுவதில்லை; மேலே வேறு எழுதும்வரை கிடக்கும். எஸ்எஸ்டி அவ்வளவு பொறுமைசாலி அல்ல. இனி வேண்டாம் என்ற இடங்களை ‘டிரிம்’ கட்டளை அதற்குச் சொல்லிவிட்டால், சத்தமில்லாமல் துடைத்துவிடும்.

ரெக்கவரி

இங்கேதான் உண்மையான சிக்கல். பார்ட்டிஷன் புரியாத சொல். ரெக்கவரியோ புரிந்த மாதிரி ஏமாற்றும் சொல்.

இலத்தீனில் ‘ரெகுபெராரே’, இழந்ததைத் திரும்பப் பெறுதல். ஆங்கிலத்தில் நோயாளி தேறினாலும் ரெக்கவரி, வராத கடனை வசூலித்தாலும் ரெக்கவரி. ஒன்றில் ஆள் தானே மீள்கிறார்; மற்றதில் ஒருவர் போய் ஒரு பொருளை மீட்டு வருகிறார். தமிழில் இந்த வேறுபாடு இலக்கணத்திலேயே பதிந்திருக்கிறது: மீள் தன்வினை, மீட்டல் பிறவினை. காய்ச்சலிலிருந்து மீண்டார், அடகு நகையை மீட்டார். இரண்டையும் யாரும் குழப்புவதில்லை.

ஆனால் கணினித் தமிழில் ரெக்கவரி பார்ட்டிஷனை ‘மீட்புப் பகிர்வு’, ‘மீட்புப் பகுதி’ என்றெல்லாம் எழுதிவிடுகிறோம். மீட்பு என்றதும் படிப்பவர் என்ன நினைப்பார்? அடகு நகை. போனது அப்படியே திரும்ப வரும். என் படங்கள், என் கோப்புகள், எல்லாம். அந்தப் பாத்திக்குள் உங்களுடைய ஒரு படம்கூட இல்லை. இருப்பது கணினி தன்னைச் சீர்படுத்திக்கொள்ளவோ, முதல் நாள் நிலைக்குப் போகவோ தேவையானது மட்டும். சொல்லப்போனால் தயாரிப்பாளர் அதில் வைத்துத் தந்த விண்டோஸ் பிரதியைத் திரும்பப் போடும்போது, பெரும்பாலும் சி-யில் இருந்த கோப்புகள்தான் முதல் பலி. மீட்பு என்ற பெயரை நம்பி அந்த விசையை அழுத்தியவருக்கு அது எப்படி இருக்கும்!

ஆகவே கணினி மீள்வதற்கான பாத்தி, மீள்பாத்தி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. அழிந்த கோப்பைத் தேடி எடுப்பது மட்டும் தரவு மீட்பு. வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் கேட்கும் 48 இலக்க ‘ரெக்கவரி கீ’க்கும் மீட்பு பொருந்தும், ஏனென்றால் பூட்டுக்குள் இருக்கும் உங்கள் பொருளையே அது திருப்பித் தருகிறது. அந்த 48 இலக்கத்தை எங்காவது எழுதி வைத்துவிட்டே மேலே சொன்ன பட்டியல் பக்கம் போங்கள்.

இனி அந்தப் பட்டியலில் ஏன் இரண்டு ரெக்கவரி? 990 எம்பி உள்ளது விண்டோஸின் சொந்தப் பட்டறை. விண்டோஸ் எழாதபோது நீல நிறத்தில் ‘டிரபிள்ஷூட்’ திரை வருகிறதே, அது குடியிருக்கும் இடம். 16 ஜிபி உள்ளது தயாரிப்பாளர் வைத்தது: விண்டோஸ், அந்த மாடலுக்கான டிரைவர்கள், கூடவே யாரும் கேட்காத சில சோதனை மென்பொருள்கள், எல்லாம் சேர்ந்த தொழிற்சாலைப் பிரதி. ஹெச்பி என்றால் எஃப்11, ஏசர் என்றால் ஆல்ட்டும் எஃப்10-உம், ஆசுஸ் என்றால் எஃப்9, லெனோவோவில் குண்டூசியால் குத்தும் சின்னஞ்சிறு நோவோ பொத்தான் என்று அதை எழுப்ப ஆளுக்கொரு வழி. இரண்டுக்கும் டிரைவ் எழுத்து கிடையாது. அதனால் ஃபைல் எக்ஸ்புளோரரில் தென்படாது.

இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு புதிதாக ஓஎஸ் போட வேண்டுமா? கோப்புகளை வெளியே நகலெடுத்துவிட்டு, பட்டியலில் பிரைமரி என்றிருப்பதை மட்டும் தொடுங்கள். உங்கள் சி எது என்பதை அளவை வைத்து முன்கூட்டியே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. அதற்கு ஃபார்மட் கொடுத்து, அதையே தேர்ந்து, நெக்ஸ்ட். டெலீட் பக்கமே போக வேண்டாம். இடையில் ஒன்று: ஃபார்மட்டை ‘வடிவமைப்பு’ என்று மொழிபெயர்த்தவர் பாத்தியில் கோலம் போடுவதாக நினைத்தாரோ என்னவோ. நடப்பது, இருந்ததைக் கொத்திவிட்டு நிலத்தைத் திருத்துவது. ‘ஃபார்மட் அடிச்சாச்சு’ என்ற பேச்சு வழக்கில் இருக்கும் அந்த அடி, வடிவமைப்பை விட நேர்மையானது. லினக்ஸ் போடுகிறவர்கள் ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவு’ என்ற வாய்ப்பைத் தேர்ந்தால் மீள்பாத்திகளும் சேர்ந்தே போகும். பாத்தியைக் கையால் தேர்வு செய்யும் வழிதான் சரி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பாத்தி பிழைத்தாலும் அதை எழுப்பும் விசை பிழைக்கும் என்ற உறுதி இல்லை. புது விண்டோஸ் தன் பட்டறையைப் பதிவு செய்துகொள்ளும்போது தயாரிப்பாளர் போட்டிருந்த இணைப்பு அறுந்துபோவது பல மடிக்கணினிகளில் உண்டு. அதனால் வேலை தொடங்கும் முன்பே போதிய இடமுள்ள பென்டிரைவ் ஒன்றில் ‘ரெக்கவரி டிரைவ்’ எடுத்துவைப்பது என் வழக்கம். வட்டே செத்தால் மீள்பாத்தியும் அதோடுதான் சாகும், அதற்கும் இது உதவும்.

மீள்பாத்தியைத் தவறி அழித்தவர்கள் ஒரேயடியாக இடிந்துபோக வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து கணினியோடு வரும் விண்டோஸின் சாவி மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது; அதே பதிப்பைப் போட்டால் உரிமம் போகாது. விண்டோஸ் 10 முதல், விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொள்ளும் ‘ரீசெட் திஸ் பிசி’ வசதிக்குத் தனிப் பிரதி தேவையில்லை, சி-யில் இருக்கும் கோப்புகளிலிருந்தே கட்டிக்கொள்ளும்; 2020 முதல் இணையத்திலிருந்தும் இறக்கிக்கொள்ளும். ஆனால் அந்தச் சின்னப் பட்டறையை விண்டோஸ் மறப்பதில்லை. 2024 ஜனவரியில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட் பல கணினிகளில் ஏறவே மறுத்தது. காரணம், அந்தப் பாத்தியில் 250 எம்பி காலியிடம் இல்லை. பாத்தியைப் பெரிதாக்கக் கட்டளை வரிசை ஒன்றை மைக்ரோசாஃப்ட் தந்தது. வரப்பை நகர்த்தும் வேலை பயனரின் தலையில் விழுந்தது. பட்டறையைச் சி-க்கு அடுத்து, வலப்பக்கம் வைக்கச் சொல்வதும் இதற்குத்தான்: சி-யைச் சற்றுச் சுருக்கி அதற்கு இடம் கொடுத்துவிடலாம்.

மேக் பயனர்களுக்கு மட்டும் என் சொல் முழுதாக உதவவில்லை. 2011இல் ஓஎஸ் எக்ஸ் லயனோடு வந்த ‘ரெக்கவரி எச்டி’ சுத்தமான மீள்பாத்தி. கமாண்டும் ஆர்-உம் அழுத்தினால் எழும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் முறையிலோ ஒரே கொள்கலத்துக்குள் பல ‘வால்யூம்’கள், காலியிடம் எல்லோருக்கும் பொது, தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம். வரப்பே இல்லாததைப் பாத்தி என்று எப்படிச் சொல்வது? ‘வால்யூம்’ என்பதற்கு ‘தொகுதி’ என்கிறார்கள். நூலுக்கும் தேர்தலுக்கும் ஏற்கெனவே உழைக்கும் சொல் அது. வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை நானும் வால்யூம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.