சம்ப்: சதுப்பு நிலத்தில் பிறந்த சொல்

சென்னையில் ‘சம்ப்’ என்றால் வாசலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. லாரித் தண்ணீர் அதில் இறங்கும், மோட்டார் போட்டால் அங்கிருந்து மாடிக்கு ஏறும். ஆறடி மீன்தொட்டிக்கு ஒரு சம்ப் செய்யலாம் என்று அளவுச் சீட்டோடு கண்ணாடிக் கடைக்குப் போனேன். “சம்ப்புக்கு எதுக்கு சார் கண்ணாடி? சிமென்ட்தானே பூசுவாங்க?” என்று கேட்டார் கடைக்காரர். நியாயமான கேள்விதான். மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் சம்ப், பெரிய தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் வைக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலிருந்து அழுக்குத் தண்ணீர் அதில் வடியும், அறை அறையாகக் கடந்து தெளியும், கடைசி அறையில் இருக்கும் மோட்டார் அதைத் திரும்ப மேலே அனுப்பும்.

வீட்டுச் சம்ப்பில் நல்ல தண்ணீர், மீன்தொட்டிச் சம்ப்பில் அழுக்குத் தண்ணீர். வண்டிக்கும் ஒரு சம்ப் உண்டு. எஞ்சினின் அடியில் எண்ணெய் வந்து சேரும் அந்தக் கிண்ணத்தை நம் மெக்கானிக்குகள் ‘சேம்பர்’ என்பார்கள். இத்தனை பொருளையும் ஒரே சொல் எப்படிச் சுமக்கிறது?

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 15ஆம் நூற்றாண்டில் டச்சு, வட ஜெர்மானிய மொழிகளின் பக்கமிருந்து வந்தது. அப்போது அதன் பொருள் சதுப்பு நிலம், சேற்று நிலம். இன்றும் ஜெர்மன் மொழியில் சதுப்பு நிலத்தை ‘சும்ஃப்’ என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் சதுப்பைக் குறிக்கும் ‘ஸ்வாம்ப்’ இதற்கு உறவுக்காரச் சொல். 17ஆம் நூற்றாண்டில்தான் தண்ணீர் வந்து சேரும் குழி என்ற பொருள் அதில் ஏறியது. சுரங்கத்தின் அடியில் ஊறும் தண்ணீரை ஒரு குழியில் சேரவிட்டு, அங்கிருந்து மேலே இறைப்பார்கள். அந்தக் குழி சம்ப் ஆனது. பிறகு எஞ்சினின் அடி, வீட்டின் அடி, மீன்தொட்டியின் அடி என்று எங்கெல்லாம் ஒரு நீர்மம் கீழே வந்து தங்குகிறதோ, அங்கெல்லாம் அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்டது.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த முதல் பொருள்தான். சதுப்பு நிலம் என்ன செய்கிறது? ஓடி வரும் தண்ணீரை மெதுவாக்குகிறது. வண்டல் அடியில் படிகிறது. கோரை, நாணல் வேர்களிலும் சேற்றிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று மாற்றுகின்றன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பும், இவ்வளவு நெருக்கடிக்கு நடுவிலும், இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. மீன்தொட்டிக்கு அடியில் நாம் கட்டப்போவதும் அப்படி ஒரு சதுப்புதான். அதை ஒரு இயந்திரமாக நினைத்தால் பெரிய மோட்டாரைத் தேடிப் போவோம். சதுப்பாக நினைத்தால் மெதுவான ஓட்டத்தையும் அகன்ற பரப்பையும் தேடுவோம். திட்டமே மாறிவிடுகிறது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘சேற்றுக்குழி’ சுரங்கத்துக்குச் சரி, வீட்டுக்கு ஆகாது. ‘நிலத்தடித் தொட்டி’ வீட்டுக்குப் பொருந்தும், கண்ணாடித் தொட்டிக்குப் பொருந்தாது. ‘கீழ்த்தொட்டி’ இடத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. என் தேர்வு ‘வடிதொட்டி’. வடி என்ற வேரில் இரண்டு செயல்கள் இருக்கின்றன. வெள்ளம் வடிகிறது என்றால் கீழே இறங்கிப் போகிறது. சோறு வடிக்கிறோம், காப்பி வடிகட்டுகிறோம் என்றால் பிரித்தெடுக்கிறோம். மேல்தொட்டியின் தண்ணீர் வடிந்து வருவதும் இங்கேதான், வடிகட்டப்படுவதும் இங்கேதான். வடிகால், ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை என்பதால் நடுவில் ‘த்’ வராது: வடிதொட்டி. கடையில் போய்ச் சம்ப் என்று கேளுங்கள், அங்கே அதுதான் புரியும். எழுதும்போது வடிதொட்டி என்று எழுதிப் பாருங்கள்.

‘ஃபில்டர்’ என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. இடைக்கால லத்தீனில் அது கம்பளி மயிரை அழுத்திச் செய்யும் துணியின் பெயர். அந்தத் துணியில் வடிகட்டியதால், வடிகட்டும் பொருளுக்கே அந்தப் பெயர் வந்தது. நம் ஊரில் அந்த வேலையைச் செய்தது பன்னாடை, தென்னை மட்டையின் அடியில் வலைபோல இருக்கும் நார்த்துணி. நெய் வடிக்கப் பயன்பட்டதால் அதற்கு ‘நெய்யரி’ என்றும் பெயர். நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துவைப்பதால் நன்னூல் அதைக் கடை மாணாக்கருக்கு உவமை ஆக்கியது. மீன்தொட்டிக்கோ கசடைப் பிடித்துவைப்பவர்தான் தலை மாணாக்கர். சம்ப்பின் முதல் அறையில் வைக்கும் வெள்ளைப் பஞ்சு இந்த நெய்யரிதான்.

தொட்டியின் விளிம்பில் தண்ணீர் வழிந்து இறங்கும் இடத்தை எல்லோரும் ‘ஓவர்ஃப்ளோ’ என்கிறோம். இதற்குச் சொல் தேடவே வேண்டாம். ஏரி நிரம்பினால் மிகைநீர் வழிந்து போகும் இடம் கலிங்கு. அதன் வழியே பாய்வதைத் தென்மாவட்டங்களில் மறுகால் பாய்கிறது என்பார்கள். மேல் ஏரி நிரம்பி வழிந்தால் கீழ் ஏரிக்குப் போகும். மீன்தொட்டியும் வடிதொட்டியும் அப்படி இரண்டு ஏரிகள்தான், கீழிருந்து மேலே ஏற்ற ஒரு மோட்டார் மட்டும் கூடுதல். கலிங்கின் பெரிய நன்மை, கணக்கைத் தானே சரிசெய்துகொள்வது. மேலே எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுதான் வழியும். அதனால்தான் கீழே இறக்க ஒரு மோட்டார், மேலே ஏற்ற இன்னொரு மோட்டார் என்று திட்டமிடவே கூடாது. இரண்டும் ஒருநாளும் ஒரே வேகத்தில் ஓடாது. கலிங்குக்குக் கண்ணாடியில் துளை போட வேண்டும். சூடேற்றிக் கடினமாக்கிய ‘டஃபன்டு’ கண்ணாடியாக இருந்தால் துளை போட்ட நொடியில் மொத்தமும் நொறுங்கிவிடும், எனவே முதலில் அதை விசாரியுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஆஸ்கர் போன்ற பெருந்தீனி மீன்களுக்கு இந்த அளவு வேண்டும். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 620 லிட்டர். மணிக்கு நான்கு, ஐந்து முறை சுற்றினால் போதும், அதாவது 2500 முதல் 3000 லிட்டர். மோட்டார் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு, தண்ணீரை உயரம் ஏற்றாதபோது கிடைப்பது. ஐந்தடி ஏற்றும்போது அது பாதியாகக்கூடக் குறையலாம். கூடவே வரும் வரைபடத்தில் உங்கள் உயரத்துக்கு எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.

வடிதொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முழுக்க நிரப்பினால் சுமார் 255 லிட்டர் பிடிக்கும். ஆனால் முழுக்க நிரப்பக் கூடாது, காரணம் மின்வெட்டு. கரண்ட் போனதும் மோட்டார் நிற்கும். கலிங்கின் உதட்டுக்கு மேலே இருக்கும் தண்ணீர் இறங்கும். அதோடு மேலே ஏற்றும் குழாயும் சைஃபனாக மாறி, அதன் வாய் தண்ணீருக்கு வெளியே தெரியும்வரை தண்ணீரைக் கீழே இழுக்கும். இந்தத் தொட்டியில் ஓர் அங்குலம் என்பது 28 லிட்டர். குழாய் வாய் இரண்டு அங்குல ஆழத்தில் இருந்தால் 57 லிட்டர் கீழே வரும், வடிதொட்டியில் நான்கு அங்குலம் ஏறும். அதே வாய் எட்டு அங்குல ஆழத்தில் இருந்தால் 226 லிட்டர். வடிதொட்டியில் 11 அங்குலம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், மீதி ஏழு அங்குலத்தில் 100 லிட்டருக்குத்தான் இடம். மிச்சம் கூடத்தில் ஓடும். எங்கள் வீட்டில் நள்ளிரவில் அப்படி ஓடியிருக்கிறது. சோபாவின் கால்கள் ஊறிப்போனது போகட்டும், ஸ்டாண்டின் பலகை உப்பிவிட்டது. குழாய் வாயை மேலே வையுங்கள், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையும் போடுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம், பாசி படிந்தால் அது சரியாக மூடாது.

உள்ளே அறைகள். முதலில் பஞ்சு, அதை வாரம் ஒருமுறையாவது அலசுவது நல்லது. அப்புறம் நுண்ணுயிர் அறை, சதுப்பின் சேறும் வேரும் இதுதான். மீன் விடும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். நன்னீர்த் தொட்டிகளில் இந்த இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதுவரை வேறொரு பாக்டீரியாவின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவற்றுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ளப் பரப்பும் பிராணவாயுவும். செராமிக் ரிங், லாவா கல் நல்லவைதான். பணம் கையைக் கடித்தால் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் போதும். சோப்பு ஏறாத புதியதாக இருக்க வேண்டும், இரும்பு நார் கூடாது. இந்த அறையைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், அதில் உள்ள குளோரின் அந்த உயிர்களைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும். தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் நீக்கும் கார்பன் பை தேவைப்பட்டால் மட்டும்.

மூன்றாம் அறையைத் திறந்த இடமாக விட்டு, மணி பிளான்ட் கொடியின் வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிடச் சொல்வேன். இலைகள் வெளியே வெளிச்சத்தில் இருக்கட்டும். பாக்டீரியா மிச்சம் வைக்கும் நைட்ரேட்டை வேர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். கழிவுநீரைச் சுத்தம் செய்யக் கல்வாழை நடுகிறார்களே, அதே வழிதான். ஆனால் இதற்காகத் தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிட முடியாது.

நுண்ணுயிர்கள் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விட அவசரப்படாமல் ஒரு சின்ன வேலையை முடித்துவிடலாம். எல்லாவற்றையும் ஓடவிட்டு, மோட்டாரை நிறுத்துங்கள். மேலிருந்து வடிவதெல்லாம் வடிந்து முடியட்டும். அப்போது வடிதொட்டியில் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள் அல்லது எடுங்கள். இனி மோட்டாரைப் போடுங்கள். மட்டம் இறங்கி நிலைத்ததும், மோட்டார் அறைக் கண்ணாடியில் அந்த இடத்தில் ஒரு கோடு. ஏரிக்கு முழு நீர்மட்டம் என்று ஒன்று உண்டல்லவா, இது வடிதொட்டியின் முழு நீர்மட்டம். ஆவியாகிப் போகும் தண்ணீரின் குறைவு இந்த ஓர் அறையில்தான் தெரியும். ஊற்றும்போது இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்.